கொங்கிறீற்றும் கருங்கல்லும் வெட்ட எந்த டயமன்ட் வயர்: மட்டக்களப்பு, அம்பாறை வேலைகளுக்கு ஒரு மதிப்பீடு

டயமன்ட் வயர் என்பது வைரத் துணிக்கை பதித்த மணிகளைக் கோத்த உருக்குக் கேபிள்; வெட்ட வேண்டியதைச் சுற்றி வளையமாகப் போட்டு, மெஷினின் சில்லால் ஓட்டினால் அரைத்து வெட்டும். கம்பி போட்ட கொங்கிறீற்றையும் மலைக்கல்லையும் வெட்டுவதற்கு ஒரே ஒரு வகை வயர்தான் வாங்கி வைக்கலாம் என்றால், 10.5 மில்லிமீற்றர் மணி கோத்த, மீற்றருக்கு 40 மணி உள்ள, ரப்பர் பூசிய சின்டர் வயரை (உலோகத் தூளையும் வைரத்தையும் சூட்டில் இறுக்கிச் செய்த மணி உள்ளது) வாங்குங்கள். மீற்றர் விலையில் இது, மணிகளுக்கு நடுவில் ஸ்பிரிங் போட்ட ஸ்பிரிங் வயரை விடக் கூட. வெட்டி முடித்த சதுர மீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு. இங்கே மதிப்பிடுவது ஒரு கம்பனியின் பெயரை அல்ல. இந்த வகை வயரையும், அதோடு சேர்த்து விற்கப்படும் 15 கிலோவாட் மின்சார மெஷினையும்தான். எது நல்லது, எங்கே கைவிடும், ஏன் கைவிடும் என்பதைத் தொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படும் மாதிரி எழுதுகிறோம்.

இந்தப் பக்கத்தில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று நெல் ஆலைகளில் பழைய எஞ்சினைக் கழற்றிப் புது மெஷின் ஏற்றும்போது அடியில் கிடக்கும் கொங்கிறீற் மேடையைக் குறைக்க வேண்டி வரும். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களில் ஒரு மதகைத் திருத்தும்போது சுவரின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மற்றப் பக்கத்தை அப்படியே விட வேண்டும். கொங்கிறீற் உடைக்கும் பிறேக்கர் மெஷினால் அடித்தாலும் உடையும்தான். ஆனால் அந்த அதிர்வு அடித்த இடத்தோடு நிற்காது. விட வேண்டிய பக்கத்திலும் வெடிப்பு ஓடும், உள்ளே கம்பிக்கும் கொங்கிறீற்றுக்கும் இருந்த பிடி கழரும், பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை நிறுத்த வேண்டி வரும். வயர் அடிப்பதில்லை, அரைத்துக்கொண்டு போகிறது. வட்ட பிளேட்டுக்குத் தன் விட்டத்தின் பாதி ஆழம்கூடக் கிடைக்காது. வயருக்கு அந்த எல்லை இல்லை. தடிப்பு ஒன்றரை மீற்றர் என்றாலும் சுற்றிப் போட்டுவிட்டால் வெட்டும்.

வயரின் உள்ளே இருப்பது 5 மில்லிமீற்றர் அளவான, மெல்லிய இழைகளை முறுக்கிய உருக்குக் கேபிள். அதில் கோத்த மணி ஒவ்வொன்றும் ஒரு சின்ன உருக்குக் குழாய். குழாயின் மேல், உலோகத் தூளையும் செயற்கை வைரத் துணிக்கைகளையும் கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய வளையம் இருக்கிறது. மீற்றருக்கு 40 மணி என்றால் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு 25 மில்லிமீற்றர். வேலை செய்யும்போது உலோகம் மெல்ல மெல்லத் தேயும், உள்ளே இருக்கும் வைரம் வெளியே வரும், மழுங்கியது உதிரும், அடுத்தது தலை காட்டும். அதனால்தான் சின்டர் மணி தொடக்கத்திலும் முடிவிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெட்டுகிறது. மற்ற வகையான முலாம் மணியில் வைரம் ஒரே ஒரு அடுக்கு. நிக்கல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது முதல் வெட்டில் பாய்ந்து போகும், பிறகு நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வரும், அடுக்குப் போனால் மணி முடிந்தது.

கொஞ்சம் ஓடிய சின்டர் மணி ஒன்றை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வைரத் துணிக்கைக்கும் முன்னால் ஒரு சின்னப் பள்ளமும் பின்னால் நீண்ட உலோகத் திட்டும் தெரியும். வெட்டும்போது வரும் கல்தூள் முன்னால் மோதி உலோகத்தை அரித்துவிடுகிறது. வைரத்தின் மறைவில் உள்ள உலோகம் தப்பி, வால் மாதிரி நிற்கிறது. அந்த வால்தான் வைரத்தைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. வயரை ஒரு தடவை கழற்றி எதிர்த்திசையில் மாட்டினால், இதுவரை தாங்கிய வால் முன்னுக்கு வந்துவிடும், வைரத்துக்குப் பின்னால் பிடிமானம் எதுவும் இராது. மழுங்க வேண்டிய வைரம் மழுங்காமலே பிடுங்கி எறியப்படும். ரப்பரில் அம்புக்குறி அச்சடித்திருப்பது இதற்காகத்தான். அம்புக்குறி அழிந்துபோன பழைய வயரிலும் இந்த வாலைப் பார்த்தே ஓட்டத் திசையைக் கண்டுபிடிக்கலாம்.

இனி ரப்பர். டயமன்ட் வயர் 1970களின் பிற்பகுதியில் இத்தாலியின் கராரா மாபிள் மலைகளில்தான் தொழிலாகப் பரவியது. மாபிள் மென்மையான கல், அதன் தூளும் மென்மையானது. மணிகளுக்கு நடுவில் ஸ்பிரிங் போட்டுக் கேபிளைத் திறந்தபடி விட்டாலும் அங்கே பெரிய பாதிப்பு வருவதில்லை. எங்கள் கல் அப்படியல்ல. மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் விஜயன் தொகுதிப் பாறையின் மேல் இருக்கின்றன. குவாட்ஸும் பெல்ஸ்பாரும் நிறைந்த நைஸ் வகைக் கல். இங்கே கொங்கிறீற்றுக்குள் போடும் உடைகல்லும் அதே கல், மணலும் குவாட்ஸ் மணல். ஸ்பிரிங் வயரை இதில் ஓட்டினால் அந்தச் சேறு ஸ்பிரிங்குக்குள் புகுந்து, கேபிளின் இழைகளை உள்ளிருந்தே அராவும். மணியில் பாதி வைரம் மிச்சம் இருக்கும்போதே கேபிள் அறுந்துபோகும். அறும்போது கோத்திருந்த மணிகள் கழன்று பறக்கும். ரப்பர் பூசிய வயரிலும் கேபிள் அறும், ஆனால் மணிகள் ரப்பரோடு ஒட்டி நிற்பதால் பறப்பது மிகக் குறைவு. இந்த ஒரு காரணமே ஸ்பிரிங் வயரைத் தள்ளிவைக்கப் போதும் என்பது எங்கள் முடிவு. “எல்லாம் ஒண்டுதான் தம்பி, இதுவும் டயமன்ட்தானே” என்று கடையில் சொல்வார்கள். ஒன்றல்ல.

ரப்பர் பூசிய வயருக்கும் இந்தக் கரையில் ஒரு எதிரி இருக்கிறது, அது உப்பு. வாவித் தண்ணீரையோ, வரட்சியில் உவர் ஏறிய மணல் கிணற்றுத் தண்ணீரையோ வெட்டுக்குப் பாய்ச்சினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ரப்பர் முடிந்து மணி தொடங்கும் விளிம்பில் மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. உவர் அதற்குள் ஊறி நின்று, வயர் சும்மா தொங்கும் நாட்களில் இழைகளைத் தின்னும். அடுத்த வேலையில் மூன்றாம் நான்காம் மணித்தியாலத்தில் மணியை ஒட்டி அறும். அறுந்த முனையைப் பாருங்கள். இழைகள் பளபளப்பாக ஒரு பக்கம் மெலிந்து தேய்ந்திருந்தால் அது சேற்றின் அராவல். பழுப்பு நிறத்தில் குழி விழுந்து மொட்டையாக அறுந்திருந்தால் உப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. உவர்த் தண்ணீருக்கு வேறொரு கேடும் உண்டு: வெட்டி விட்ட முகத்தில் தெரியும் கம்பி முனைகளில் குளோரைட் படிந்து, விட்டுவைத்த சுவரையே பின்னால் துருவால் வெடிக்க வைக்கும். ஆகவே குழாய்த் தண்ணீர் அல்லது பவுசர் தண்ணீர். செலவுக் கணக்கில் இதை முதலிலேயே போட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 20 லீற்றர் என்றாலும் 1000 லீற்றர்த் தாங்கி 50 நிமிடத்தில் காலி. சேற்றை ஒரு குழியில் தேக்கித் தெளிய விட்டு மேல்தண்ணீரைத் திரும்பப் பாவிக்கலாம்; தெளியாத தண்ணீரைப் பாவித்தால் மணலையே திரும்பக் கேபிளில் பூசுகிறீர்கள்.

தண்ணீரை எங்கே விடுவது என்பதும் முக்கியம். வயர் வெட்டுக்குள் நுழைகிற வாயில் விட வேண்டும், அப்போதுதான் ஓடும் வயர் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வெளியே வருகிற பக்கத்தில் விட்டால் அது மெஷினைத்தான் கழுவும். வெட்டு நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல் என்றால் நடுவிலும் ஒரு குழாய் போடுங்கள். வெளியே வரும் சேறு பால் மாதிரி ஓட வேண்டும். களியாகத் திரண்டு வந்தால் தண்ணீர் போதாது. ஆவி தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள், ரப்பர் வேகத் தொடங்கிவிட்டது.

மெஷினைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு வயர் வேகம் செக்கனுக்கு 20 முதல் 25 மீற்றர். இந்த 15 கிலோவாட் வகை மெஷின்கள் பலவற்றில் 500 மில்லிமீற்றர்ச் சில்லு நான்கு துருவ மோட்டரில் நேரடியாகப் பூட்டப்பட்டு வருகிறது. சில்லின் சுற்றளவு 1.57 மீற்றர். எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டர் நிமிடத்துக்கு 1450 சுற்று ஓடும். பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 38 மீற்றர். அது மாபிள் வேகம். கருங்கல்லிலும் கொங்கிறீற்றிலும் அந்த வேகத்தில் ஓட்டினால் வைரம் கடிக்காமல் வழுக்கும், முனை மெருகேறி மழுங்கும். ஆகவே, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் இல்லாத மெஷினை வாங்க வேண்டாம். இன்வேர்ட்டரை 30 ஹேர்ட்ஸில் வைத்தால் 870 சுற்று, செக்கனுக்கு 23 மீற்றர் அளவில் நிற்கும். ஆனால் அதிர்வெண்ணைக் குறைக்கும்போது மோட்டரின் வலுவும் அதே விகிதத்தில் குறையும்: 15 கிலோவாட் மோட்டர் 30 ஹேர்ட்ஸில் 9 கிலோவாட்தான் தரும். மெஷின் சோம்பலாக வெட்டுகிறது என்று திட்டுகிறவர்களில் பலர் இந்த 9 கிலோவாட்டைத்தான் திட்டுகிறார்கள். பெல்ட்டாலோ கியராலோ வேகத்தைக் குறைத்த மெஷின் கிடைத்தால் கொஞ்சம் விலை கூட என்றாலும் அதையே எடுங்கள், முழு வலுவும் வயருக்குப் போகும்.

மின்சாரம்: 15 கிலோவாட் மோட்டர் முழுச் சுமையில் 400 வோல்ட்டில் 28, 30 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் மூன்று பேஸ் இணைப்பில் அதோடு தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து ஓட்டினால் சேர்கிட் பிறேக்கர் விழும். வெளி வேலைக்கு ஜெனறேற்றர் என்றால் இன்வேர்ட்டரோடு 30 கேவிஏக்குக் கீழே இறங்க வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் நிற்கிற வேலை இது. கசிவு மின்னோட்டத்தில் விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமலும் எர்த் இல்லாமலும் தொடவே கூடாது.

வயரின் இரண்டு முனைகளையும் ஒரு குழாய்க்குள் நெரித்து வளையமாக்கும் மூட்டுத்தான் இந்த வயரின் மிகப் பலவீனமான இடம். நல்ல வயரை வாங்கிவிட்டு மூட்டில் அவசரப்பட்டால் காசு வீண். கேபிளை மெல்லிய வெட்டுத் தட்டால் நேராக வெட்டுங்கள். குறட்டால் நெரித்தால் இழை விரியும், விரிந்த முனை மூட்டுக் குழாய்க்குள் முழுதாகப் போகாது. முனையில் உள்ள ரப்பரைக் குழாய் உட்காரும் ஆழத்துக்கு மட்டும் சீவி எடுங்கள். சீவும்போது கத்தி இழையில் கீறக் கூடாது. ஒரு இழையில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில்தான் முதலில் அறும். இழைகளில் ரப்பர்த் துகள் ஒட்டியிருந்தால் துடைத்து எடுங்கள். கேபிளை அடிவரை தள்ளி, குழாயின் அளவுக்கென்று உள்ள அச்சைப் போட்டு ஹைட்ரோலிக் பிறஸ்ஸால் நெரியுங்கள். அச்சுக்குப் பதிலாகச் சுத்தியலால் தட்டி நெரித்த மூட்டை ஓட்டுவது ஆள் மேல் குறி வைப்பதற்குச் சமம். மூட்டுக் குழாயின் வெளி விட்டம் மணியின் விட்டத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். மணிகள் 8.5 மில்லிமீற்றருக்குத் தேய்ந்த பிறகு 9 மில்லிமீற்றர் மூட்டுப் போட்டால், வெட்டுக்குள் மூட்டே உரசி இழுபடும்.

இரண்டாவது முனையை நெரிப்பதற்கு முன்னால் வயரை முறுக்க வேண்டும். மீற்றருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று. 12 மீற்றர் வயருக்கு ஒன்றரைப்படி 18 சுற்று. கேபிளின் முறுக்கு இறுகுகிற பக்கமாகத்தான் சுற்ற வேண்டும்; பெரும்பாலான வயர்களில் கையில் பிடித்த முனையை உங்கள் பக்கம் பார்க்க வைத்து இடப்பக்கமாகச் சுற்றுவது. எதிர்ப்பக்கம் சுற்றினால் இழைகள் பிரியும். முறுக்கி மூடிய வயர் ஓடும்போது தன்னைத்தானே உருட்டிக்கொண்டே போகும், மணி எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். முறுக்காமல் மூடிய வயர் ஒரே வயிற்றால் ஊர்ந்து போகும், மணி ஒரு பக்கம் சப்பையாகும். சப்பையான மணியைத் திரும்ப உருண்டையாக்க வழியில்லை. இரண்டு வேலைநாளுக்கு ஒரு தடவையாவது வேர்னியரால் ஒரு மணியைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். 0.3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூட்டை வெட்டி, முறுக்கைக் கூட்டிப் புது மூட்டுப் போடுங்கள்.

அளப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, அதை அறியாமல்தான் நிறைய வயர் வீணாகிறது. வயர் தேயத் தேய வெட்டின் அகலமும் குறைகிறது. 10.5இல் தொடங்கிய வெட்டு, வயர் 9.8க்கு வந்த இடத்தில் பத்து மில்லிமீற்றர் சொச்சம்தான் அகலம். அந்த இடத்தில் வயர் அறுந்து, ஒரு புதுத் துண்டை இடையில் சேர்த்து மூட்டினால், புது மணி பழைய வெட்டுக்குள் நுழையாது. நுழைந்தாலும் ஆப்பு மாதிரி இறுகி நிற்கும், மெஷின் இழுக்கும், மறுபடி அறும். சேர்க்கும் துண்டு பழைய வயரோடு 0.2 மில்லிமீற்றருக்குள் பொருந்த வேண்டும். ஆகவே புது வயரை வாங்கினால் முழுவதையும் ஒரே லூப்பில் போட்டுத் தேய்க்காமல், இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து மாறி மாறி ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவில் இறக்கி வாருங்கள். அறுந்தால் மாற்றுத் துண்டு கையில் இருக்கும். 8 மில்லிமீற்றரை நெருங்கும்போது வைர வளையம் முடியப் போகிறது. உருக்குக் குழாய் தெரியும்வரை ஓட்டுவது இலாபமல்ல.

வெட்டைத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும்தான் வயர் அதிகம் அறுகிறது. கொங்கிறீற் மேடையின் முனை செங்கோணம். இறுக்கிய வயரை அந்தக் கூர்மையின் மேல் ஓட்டினால் ஒவ்வொரு மணியும் அடிபட்டு அடிபட்டுப் போகும், கேபிள் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து களைத்துவிடும். வயர் போடுவதற்கு முன் முனைகளை உளியாலோ கிறைண்டராலோ கை அகலத்துக்கு உருட்டி விடுங்கள். வயரைச் சுற்றிப் போட்டதும் மெஷினைப் போடாமல் இரண்டு பேர் கையால் இழுத்துப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் முழுச் சுற்றும் ஓட வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு செக்கனுக்கு 10 மீற்றர் அளவில், இழுவை மிகக் குறைத்து ஓட்டி, வயர் தனக்கென்று ஒரு வளைவை எடுத்துக்கொண்ட பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். இன்வேர்ட்டரின் அம்பியரைப் பார்த்தே இழுவையைக் கட்டுப்படுத்தலாம்: 28 அம்பியர் மோட்டருக்கு 20, 22இல் நின்றால் சரி. துள்ளினால் இழுவை கூட. 15க்குக் கீழே கிடந்து சேறும் வெளுத்துத் தண்ணீராக வந்தால் வைரம் கடிக்கவில்லை. கடைசிப் பத்துச் சென்ரிமீற்றரில் வளைவு சின்னதாகிக் கேபிள் கடுமையாக மடியும். அங்கே வேகத்தையும் இழுவையையும் பாதியாக்குங்கள்.

கிடையாக வெட்டும்போது மேலே நிற்கும் துண்டின் பாரத்தை மறந்துவிடக் கூடாது. 1.2 மீற்றர் நீளம், 0.9 அகலம், 0.6 உயரமான மேடைத் துண்டு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். வயர் கடந்து போன வெட்டுக்குள் 10 மில்லிமீற்றர் உருக்குத் தகடுகளைச் செருகிக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் துண்டு இறங்கி வயரை நெரிக்கும். நெரிபட்ட வயரை மெஷினால் இழுத்து எடுக்க முயல வேண்டாம். ஜாக்கியால் துண்டைத் தூக்கி எடுங்கள்.

கொங்கிறீற்றுக்குள் உள்ள கம்பியைக் குறுக்கே வெட்டுவது இந்த வயருக்குச் சுலபம். கம்பியோடு சமாந்தரமாக ஓடினால்தான் சிக்கல். ஒரு 20 மில்லிமீற்றர்க் கம்பியின் நீளத்தோடு வெட்டு விழுந்துவிட்டால் வயர் மணிக்கணக்காக உருக்கை மட்டுமே அரைக்கும். கல்தூள் வராததால் மணியின் உலோகம் தேயாது, புது வைரம் வெளியே வராது, மணி மெருகேறிவிடும். கவர் மீற்றரால் கம்பி எங்கே என்று பார்த்து, வெட்டுக்கோட்டை இரண்டு விரல் நகர்த்தினால் இது தீரும். மெருகேறிய வயரைக் கூராக்க, கம்பி இல்லாத சீமெந்துக் கல்லிலோ சூளைக்குப் போடும் தீக்கல்லிலோ வேகத்தைக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், வைரம் திரும்பத் தலை காட்டும். தடித்த உருக்குத் தகடு, கப்பல் அடித்தட்டு, குழாய் போன்ற முழு உருக்கு வேலைகளுக்கு இந்த வயர் சரிவராது. அதற்கு முலாம் மணி அல்லது வெற்றிடத்தில் பற்றவைத்த மணி, செக்கனுக்கு 20 மீற்றருக்குக் கீழான வேகம், தாராளமான தண்ணீர். வைரம் காபன், அதிக சூட்டில் இரும்பு அந்தக் காபனைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் உருக்கில் வைரம் தேய்வதில்லை, கரைந்துபோகிறது.

மலைக்கல்லில் இதே வயர் நன்றாகவே போகிறது, வேகம் மட்டும் 25 அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். நைஸ் கல்லில் கருமையும் வெண்மையுமாக ஓடும் வரிகளைப் பாருங்கள். வரிக்குக் குறுக்கே வெட்டினால் ஒரே சீராகப் போகும். வரியோடு வெட்டினால் மென்மையான கரும் படைக்குள் வயர் இழுபட்டுக் கோடு வளையும். கோயில் தூணுக்கோ படிக்கோ எடுக்கும் கல்லில் அந்த வளைவைச் சீவி எடுக்கக் கூலி தனியாகப் போகும். வயரை உள்ளே விட இரண்டு துளைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். 40, 50 மில்லிமீற்றர்த் துளை போட்டு, ஒரு நூலைத் தண்ணீரோடு விட்டு மறுபக்கம் பிடித்து, நூலால் கயிறை, கயிறால் வயரை இழுப்பதுதான் எளிய வழி. மலையில் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம், வெடிமருந்து பாவிக்காவிட்டாலும் தேவை.

வயர் ஓடும் கோட்டுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. செக்கனுக்கு 25 மீற்றர் என்பது மணிக்கு 90 கிலோமீற்றர், அறுந்த முனை சாட்டையாகச் சுழலும்போது அதை விட வேகம். ஒரு மணி உடலில் ஏறினால் சதையில் நிற்காது. மெஷினுக்கும் கல்லுக்கும் நடுவில் திறந்து கிடக்கும் வயர் நீளத்தைச் சில்லுகளை நெருக்கி வைத்துக் குறையுங்கள். மெஷினோடு வரும் மறைப்பு மெல்லிய தகரம், அதை நம்ப வேண்டாம். பழைய கன்வேயர் பெல்ட்டை இரட்டையாகத் தொங்கவிட்டு மறையுங்கள். ஆலைகளில் அது கிடைக்கும். இயக்குகிறவர் பக்கவாட்டில், சுவிட்ச் பெட்டியின் மின் கேபிள் எட்டுகிற அளவு தூரத்தில் அந்தப் பெட்டியோடு நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தடுக்க ஒரு ஆளை நிறுத்துங்கள், அவருக்கு அந்த வேலை மட்டும்தான். ஈரச் சேறு தூசி பறக்க விடாது, ஆனால் அடுத்த நாள் காய்ந்த சேற்றைக் கூட்டும்போது குவாட்ஸ் தூள் முழுவதும் மூச்சோடு போகும். ஈரமாக இருக்கும்போதே வழித்து அள்ளுங்கள். சீமெந்துச் சேறு காரமானது, மீன் வாழும் தண்ணீருக்கு ஆகாது. வாய்க்காலிலோ வாவியிலோ விட வேண்டாம்.

விலை பேசும்போது மீற்றர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கம்பி நெருக்கமாகப் போட்ட கொங்கிறீற்றில் ஒரு மீற்றர் வயர் ஒரு சதுர மீற்றர் அளவில் வெட்டும், கம்பி குறைந்ததில் இரண்டு வரை போகும். 12 மீற்றர் லூப்பில் ஒன்றரைப்படி 18 சதுர மீற்றர். மேலே சொன்ன மேடைத் துண்டின் அடி வெட்டு 1.08 சதுர மீற்றர், அப்படியானவை 16 வெட்டலாம். வயர் விலையை 18ஆல் வகுத்து, மூட்டுக் குழாய், தண்ணீர், டீசல் சேர்த்தால் வருவதுதான் உண்மை விலை. வெட்டுக் கூலி கேட்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான், சதுர மீற்றருக்கு, விலை சொல்ல வேண்டும். நாள் கூலிக்கு ஒத்துக்கொண்டால் மெருகேறிய வயரோடு நாள் முழுவதும் ஓட்டுவார்கள்.

மணி இல்லாத, முழு நீளத்துக்கும் வைரம் பூசிய மெல்லிய வயரும் விற்கிறார்கள். அரை மில்லிமீற்றர் தடிப்பும் இருக்கும். கிராபைட், தீக்கல், மட்பாண்ட ஓடு, கண்ணாடி, காந்தம் போன்ற உடையும் பொருட்களை வீணாக்காமல் வெட்டும். சூரியப் படலுக்கான சிலிக்கன் தகடுகளை உலகம் முழுவதும் இதன் இன்னும் மெல்லிய வகையால்தான் வெட்டுகிறார்கள். கல்மாதிரி, கொங்கிறீற் மாதிரி வெட்டிப் பார்க்கும் ஆய்வுகூடத்துக்கு நல்லது. வெளி வேலைக்கு ஆகாது.

வாங்கும்போது கடையிலேயே மூன்றைப் பாருங்கள். மணிக்கு அருகே வயரை வளைத்தால் ரப்பர் விளிம்பு பிரிந்து வாய் திறக்கக் கூடாது. மணியைக் கையால் பிடித்துத் திருகினால் கேபிளில் தனியாகச் சுழலக் கூடாது. சுழன்றால் நீங்கள் போடும் முறுக்கு மணிக்குப் போய்ச் சேராது. பத்து மணியை அளந்தால் எல்லாம் 0.1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். மூட்டுக் குழாய்களையும் அதே கடையில் அதே கேபிளுக்கென்று கேட்டு, தேவைக்கு மேல் பத்து வாங்கி வையுங்கள், நடு வேலையில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்வரை காத்திருக்க முடியாது.

வேலை முடிந்ததும் வயரை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, ஒரு மீற்றர் விட்டத்துக்குக் குறையாத வளையமாகச் சுவரில் தொங்க விடுங்கள். சின்னதாகச் சுருட்டிக் கட்டினால் கேபிள் அந்த மடிப்பை மறக்காது. கட்டும்போது ஒரு தகட்டுச் சீட்டில் மணியின் விட்டம், ஓட்டத் திசை, போட்ட முறுக்கு மூன்றையும் எழுதி மூட்டில் கட்டிவிடுங்கள். அடுத்த தடவை அதை எடுக்கிறவருக்கு எந்த வெட்டுக்குள் அது நுழையும் என்பது அதைப் பார்த்தே தெரியும்.